பூஜ்யம் புள்ளி நான்கு

இருதயராஜுக்குப் பேச்சு நின்று பத்தொன்பது நாள் ஆகிறது என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி.

"பக்கவாதம்ங்க மேடம். வலது கை, கால் ரெண்டும் விழுந்துருச்சு. பேச்சும் வரலீங்க. அப்பா போனை எப்படித் திறக்கிறதுன்னே எனக்குத் தெரியல. நேத்துத்தான் அவரோட இடது கை விரலை வெச்சுத் திறந்தேன். அதுல இருக்கற நம்பருக்கெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டிருக்கேனுங்க."

ஒரு மனிதருக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேட்டால் முதலில் 'அய்யோ' என்று வர வேண்டும். எனக்கு வந்தது கணக்கு. இந்தப் பத்தொன்பது நாளில் நான் ஒன்பது வரைபடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதையும் இருதயராஜ் பார்த்துவிட்டார் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து. கருகல் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அவசரத்தில் கை தட்டி மாவுப் பாத்திரம் கீழே விழுந்து காலெல்லாம் மாவு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ரேணுகாதேவி. திருப்பூரில் கட்டட உறுதிக்கான ஆலோசகர். எந்தக் கம்பெனியிலும் உத்தியோகம் இல்லை, தனி ஆள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு கம்பி, தூண் எவ்வளவு கனம், இருக்கிற மாடிமேல் இன்னொரு மாடி தாங்குமா என்று பார்த்து, வரைபடத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவது தொழில். கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். கையெழுத்தை மட்டும் இன்னும் மனிதர்கள்தான் போட வேண்டும். கட்டடம் விழுந்தால் கோர்ட்டில் நிற்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

அப்படி நிற்கிறவர்களுக்காகத்தான் தொழில் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ். எங்கள் பிழையால் யாருக்காவது கை கால் போனால் கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கும். முன்பெல்லாம் இந்த வழக்குகள் ஒரே ஒரு கேள்வியில் பத்து வருடம் இழுத்துக்கொண்டு கிடக்கும். கையெழுத்துப் போடும்போது அந்தக் குறை இன்ஜினியருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே போட்டிருந்தால் பைசா கிடையாது. தெரியாமல் நேர்ந்தது என்றால் உண்டு. மனசுக்குள் என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்? பன்னிரண்டு வருடத்துக்கு முன் கம்பெனிகள் அதற்கும் ஒரு கருவி கண்டுபிடித்தன.

நெற்றிப்பட்டை. இரண்டு விரல் அகலம் இருக்கும். கையெழுத்துப் போடும்போது கட்டிக்கொள்ள வேண்டும். அந்த நொடியில் மூளையில் எவ்வளவு சந்தேகம் ஓடுகிறது என்பதை அளந்து பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண் சொல்லும். கையெழுத்தோடு அந்த எண்ணும் பதிவாகிவிடும். மூன்றுக்குக் கீழே என்றால் நல்ல இன்ஜினியர். பத்தைத் தாண்டினால் அந்த வேலைக்குக் காப்புறுதி கிடையாது, காப்புறுதி இல்லாத வரைபடத்தை மாநகராட்சி கையால் தொடாது. ஜனங்களுக்கும் இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் சின்ன மின்பலகையில் அந்த எண் எரியும். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் சந்தேகம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? முதல் வருடம் எங்கள் இன்ஜினியர்கள் சங்கத்தில் பாதிப் பேர் யோகா வகுப்பில் சேர்ந்தோம். ஒருத்தர் கையெழுத்துக்கு முன் அரைமணி நேரம் அருவி வீடியோ பார்ப்பார். இன்னொருத்தர் வயிறு நிறைய தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, கண் சொக்கும் நேரம் பார்த்துப் பட்டையைக் கட்டுவார். அப்புறம் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பார்த்தால்தானே சந்தேகம் வரும்? பார்க்காமலே போட்டால் எண் தானாக இறங்கியது.

இருதயராஜால் மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரும் ஒரு காலத்தில் எங்களைப் போல ஆலோசகர்தான், எங்களில் கெட்டிக்காரர். ஒரு காம்பவுண்டுச் சுவருக்குக் கையெழுத்துப் போட்டு முப்பத்து நாலு வாங்கினார். சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். "சுவர்னா அந்தப் பக்கம் யாராவது நடப்பாங்கல்லங்க" என்றார் அவர். இரண்டாவது வருடமே அவருக்குக் காப்புறுதி கொடுக்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. தொழில் போயிற்று.

ஆறு வருடத்துக்கு முன், எனக்காகப் படங்களைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஏற்பாடு எளிமையானது. வரைபடங்கள் இணையத்தில் ஒரு பொதுக் கோப்பறையில் விழும். இருதயராஜ் தன் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். பிடிக்காததை அவரே எடுத்து, என் அலுவலகத்தின் பெயரில் 'மேலும் சில விவரங்கள் தேவை' என்று எழுதி, வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். ஐந்து நாள் ஆகியும் கோப்பறையில் எது மிச்சம் இருக்கிறதோ அது என் மேஜைக்கு வரும். 'சரி' என்று அவர் ஒருபோதும் எழுதக் கூடாது, பேசக் கூடாது. எழுதினால் அது சாட்சி. குறை இருக்கிறது என்று சொல்லவும் கூடாது. சொன்னால் என் எண் ஏறிவிடும். வக்கீல் அப்படித்தான் யோசனை சொன்னார். ஆகவே எங்கள் ஏற்பாட்டில் அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

பேசாமல் இருந்தார். பத்தொன்பது நாளாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் குமரகுரு நின்றிருந்தார். எங்கள் சங்கத்தின் செயலாளர். போன வருடம் சந்தேகமே இல்லாத சாதனையாளர் என்று கேடயம் வாங்கியவர். கையில் சாத்துக்குடிப் பை.

"என்னங்க மேடம் இந்தப் பக்கம்?"

"சித்தி ஒருத்தங்களைச் சேர்த்திருக்காங்க. நீங்க?"

"மாமனாருங்க. சுகர் ஜாஸ்தியாயிருச்சு."

சர்க்கரைக்காரருக்குச் சாத்துக்குடியா என்று கேட்க வாய் வந்தது. என் பொய் காப்பாற்றப்பட்டால் போதும் என்று மூன்றாவது மாடியில் இறங்கிக்கொண்டேன். அவர் இறங்கவில்லை.

அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது வரைபடங்களையும் டேப்லெட்டில் திறந்தேன். அவரைத் தொந்தரவு செய்வானேன், நானே பார்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. இருபத்து மூன்று வருட அனுபவம். முதல் படத்தைப் பார்த்தேன். கோடுகள் இருந்தன, எண்கள் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதும் சரி. ஒன்பதையும் பார்த்து முடித்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது. எதுவுமே என்னை உறுத்தவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு படத்தில்கூட, ஒரு இடத்தில்கூட 'இது எப்படி?' என்று ஒரு கேள்வி எழவில்லை. ஆறு வருடமாக நான் எதையும் பார்த்ததில்லை, இப்போது பார்க்க நினைத்தாலும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இருதயராஜின் முகம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கண்ணில் தண்ணீர் கட்டியது. அவர் மகள் அமலி தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க வருவீங்கன்னு காத்திட்டே இருந்தாருங்க. என்னமோ சொல்லணும்னு துடிக்கறாரு. என்னன்னுதான் எனக்குப் புரியல."

நான் டேப்லெட்டை அவர் மடியில் வைத்தேன். "அண்ணா, நீங்க படுத்ததுக்கு அப்புறம் ஒன்பது போட்டுட்டேன். தெரியாமப் போட்டுட்டேன்ணா."

அவர் என்னைத் திட்டுவது போல ஒரு பார்வை பார்த்தார். இடது கையால் படங்களைத் தள்ளினார். முதல் படம், அரை நிமிடம். இரண்டாவது, அரை நிமிடம். மூன்றாவது படத்தில் விரல் நின்றுவிட்டது.

பழைய மில் ஒன்றை மாற்றிக் கட்டிய பெண்கள் விடுதி. மொட்டை மாடியில் அறுபதாயிரம் லிட்டருக்கு இரும்புத் தகட்டுத் தொட்டி வைக்கிறார்கள். தொட்டியின் கனம் நான்கு தூண்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. நான்கும் ஏற்கெனவே இருக்கும் தூண்கள். இதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"என்னண்ணா? தொட்டி பெருசா இருக்கா?"

தலையை ஆட்டினார். இல்லை. விரல் பழைய பட்டியலுக்குப் போனது. கீழே, இன்னும் கீழே, இரண்டு வருடம் பின்னால் போய் ஒரு படத்தைத் திறந்தது. அதே விடுதி, தரைத்தளம். சாப்பாட்டுக் கூடத்தைப் பெரிதாக்குவதற்காகச் செய்த வேலை. கூடத்தின் நடுவில் ஒரு தூணைச் சுற்றி வட்டம் போட்டு, 'சி-4, தரைத்தளத்தில் மட்டும் நீக்கம்' என்று எழுதியிருந்தது.

இரண்டு படங்களையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

தொட்டியைத் தாங்கும் நான்கு தூண்களில் ஒன்று சி-4. மேல் மாடிகளில் அந்தத் தூண் இருக்கிறது. கீழே இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே ஒரே ஒரு பீம் அதைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இருந்த மாடிகளுக்கு அது போதும். பதினைந்து டன் தண்ணீருக்குப் போதாது.

இரண்டு படங்களின் மூலையிலும் என் கையெழுத்து. பழையதில் பூஜ்யம் புள்ளி மூன்று, புதியதில் பூஜ்யம் புள்ளி நான்கு. அந்தத் தூணை எடுக்கச் சொன்னதே நான்தான். எனக்கு ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போட்ட கையோடு மறந்துவிடுவதும் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், பழைய படங்கள் மனசில் கிடந்தால் புதிய படங்களுக்கு எண் ஏறும். என் ஞாபகத்தையும் சேர்த்து இந்த மனிதர்தான் வைத்திருந்திருக்கிறார்.

"தொட்டி எப்பங்க வெக்கறாங்க?" என்றாள் அமலி.

போனை எடுத்தேன். காலையில் விடுதிக்காரரிடமிருந்து வாட்ஸப்பில் அழைப்பு வந்திருந்தது. தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்த படம், 'இன்று காலை பத்தரை மணிக்குப் பூஜை, ஐந்து லாரித் தண்ணீர், அனைவரும் வருக' என்று. நான் கும்பிடும் கையைப் பதிலாகப் போட்டிருந்தேன். மணி பார்த்தேன். பதினொன்று பத்து. ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகள் லீவு. இருநூற்று அறுபது பெண்கள் விடுதியில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரியாணி.

காரில் போய்க்கொண்டே விடுதிக்காரருக்கு அடித்தேன். பூஜை மேளத்தில் அவர் எடுக்கவில்லை. தீயணைப்புக்குச் சொன்னேன். "யாருங்க பேசறது, என்ன ஆதாரம்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். கடைசியில் காப்புறுதிக் கம்பெனியின் அவசர எண். எது நடந்தாலும் முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. நிரஞ்சன் என்று ஒரு பையன் எடுத்தான். மெட்ராஸ் பேச்சு, நல்ல மரியாதை.

"உங்க ஃபைல் ஓப்பன் பண்ணிட்டேன் மேம். பூஜ்யம் புள்ளி நாலு. ரொம்ப சுத்தமான கையெழுத்து மேம் இது. நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? ஃபுல் கவர் இருக்கு."

"தம்பி, அந்தக் கட்டடம் விழுந்துடும்."

"விழுந்தாலும் கவர் இருக்கு மேம்."

"உள்ளே இருநூத்தி அறுபது பொண்ணுங்க இருக்காங்க!"

"அவங்க எல்லாருக்குமே கவர் இருக்கு மேம். அதைத்தான் சொல்றேன்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. குரலில் நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

"இப்ப எனக்குத் தெரியுமே தம்பி. தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிச் சும்மா இருக்கிறது?"

"பாலிசி கையெழுத்து நேரத்து மனசுக்குத்தான் மேம். அதுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன தெரிஞ்சாலும் அது எங்க கேள்வியே இல்ல. ஆனா ஒண்ணு. ஒன்பதாவது நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல? எங்க அனுமதி இல்லாம நீங்க யார்கிட்டயும் தப்பை ஒத்துக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா அந்த நிமிஷமே பாலிசி ரத்து. எங்க இன்ஸ்பெக்டர் எழுபத்திரண்டு மணி நேரத்துல வந்து பார்ப்பார். அதுவரைக்கும் நீங்க அங்க போக வேணாம் மேம், ப்ளீஸ். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ரத்தானா என் தொழில் போகும். போகட்டும்."

"உங்க தொழில் மட்டும் இல்ல மேம். நீங்க இதுவரைக்கும் கையெழுத்துப் போட்ட கட்டடம் இருநூத்திப் பதினாலு. விபத்து நடக்கிற அன்னைக்குப் பாலிசி உயிரோட இருந்தாத்தான் நாங்க கொடுப்போம். இன்னைக்கு ரத்தானா அந்த இருநூத்திப் பதினாலு கட்டடத்துல நாளைக்கு யாருக்கு என்ன ஆனாலும் ஒரு ரூபாய் வராது. அவங்களையும் யோசிங்க."

யோசித்தேன். அவன் சொன்னதில் பொய் இல்லை. என் கையெழுத்துக்குக் கீழே எத்தனை குடும்பங்கள் தூங்குகின்றன என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த இருநூற்றுப் பதினாலில் இன்றைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பது ஒன்றில்தான். போனை அணைத்தேன்.

விடுதி வாசலில் நான்காவது லாரி நின்று, மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று லாரி ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது. பிரியாணி வாசனை தெரு முனை வரைக்கும் அடித்தது. ஒடிசாப் பெண்கள், தேனிப் பெண்கள், குளித்துத் தலை உலர்த்தியபடி தட்டோடு கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மோட்டாரை நிறுத்துங்க! எல்லாரும் வெளியே வாங்க!" என்று கத்தினேன். லாரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தார். வார்டன் சரோஜினி ஓடி வந்தார்.

"மேடம், வாங்க வாங்க! பூஜைக்கு வராமப் போயிட்டீங்களே. என்னங்க ஆச்சு?"

"தொட்டி தாங்காதுங்க. கூடத்துக்கு மேலே பீம் இறங்கிடும். எல்லாரையும் வெளியே அனுப்புங்க, இப்பவே."

சரோஜினி சிரித்தார். சிரித்துவிட்டு, வாசலில் எரிந்துகொண்டிருந்த மின்பலகையைக் காட்டினார்.

"நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சந்தேகம் பூஜ்யம் புள்ளி நாலு. இந்த ஏரியாவுலயே நம்முளுதுதான் கம்மி. அதைப் பார்த்துட்டுத்தான் இந்தப் பொண்ணுங்களோட அப்பா அம்மா இங்க விட்டுட்டுப் போறாங்க."

"அது தப்புங்க. நான் பார்க்காமப் போட்டது."

"வெயில்ல வந்தது தலை சுத்துதுங்களா? உக்காருங்க மேடம், மோர் கொண்டாரச் சொல்றேன்."

அந்த அம்மாள் என் வார்த்தையை நம்பவில்லை, என் எண்ணை நம்பினார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. கைப்பையிலிருந்து பட்டையை எடுத்து நெற்றியில் கட்டினேன். எந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், கட்டடத்தின் பதிவு எண்ணைச் சொன்னால் பட்டை அதை ஏற்றுக்கொள்ளும். லாரிக்காரரிடமிருந்து டிரிப் ஷீட்டைப் பிடுங்கினேன். பதிவு எண்ணைச் சொல்லிவிட்டு அதன் முதுகில் எழுதினேன். 'இந்தக் கட்டடம் நிற்கும் என்று நான் நம்பவில்லை. தவறு என்னுடையது. ரேணுகாதேவி.'

கையெழுத்தின் கடைசிச் சுழியை முடிக்கும்போது வாசல் பலகை ஒரு தடவை அணைந்து எரிந்தது.

தொண்ணூற்று ஏழு. சிவப்பில்.

அந்த ஊரில் யாரும் இரட்டை இலக்கத்தைப் பலகையில் பார்த்ததில்லை. வாசலில் நின்ற ஒரு பெண் அதைப் பார்த்து ஒடியாவில் ஏதோ கத்தினாள். அப்புறம் என் குரலே தேவைப்படவில்லை. தட்டுகளைப் போட்டுவிட்டு, செருப்பை விட்டுவிட்டு, ஈரத் துண்டோடு எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். லாரிக்காரர் தானாகவே மோட்டாரை நிறுத்தினார். சரோஜினி வாயில் கையை வைத்தபடி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கைபேசி அதிர்ந்தது. 'ஒன்பதாம் நிபந்தனை மீறப்பட்டதால் தங்கள் காப்புறுதி ரத்து செய்யப்படுகிறது. தங்கள் நீண்ட கால உறவுக்கு நன்றி.'

தீயணைப்பு வண்டி வந்தது, அவர்களும் அந்தத் தொண்ணூற்று ஏழைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்கள். தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரைத் தெருவில் விட்டார்கள். கூடத்துக்கு முட்டுக் கொடுக்க அவர்கள் போனபோது நானும் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தட்டுகள், சில தட்டுகளில் பாதி பிரியாணி. மூன்றாவது வரிசைத் தட்டுகளில் மட்டும் சோற்றின்மேல் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது. மேலே பார்த்தேன். பீமின் பூச்சு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, சுண்ணாம்பு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். ஒரு தீயணைப்புக்காரர் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். இருதயராஜிடம் சொல்ல வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த ஆறு படங்களையும் காட்ட வேண்டும்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் நின்றுவிட்டேன். நீண்ட நடைபாதை முழுக்க நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். அவிநாசி ரோட்டு ஆலோசகர் ஒருவர். பல்லடத்தில் புதிதாக ஆபீஸ் போட்ட தம்பதி. சங்கத்தின் பழைய தலைவர். குமரகுரு. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சாத்துக்குடிப் பையோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ, அதற்கு அடியில் ஒரு டேப்லெட்டோ சுருட்டிய வரைபடமோ. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன். பதினேழு பேர்.

அமலி அறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா போன்ல நாப்பத்தியொரு நம்பருங்க மேடம். எல்லாருமே இன்ஜினியருங்க. வந்துட்டே இருக்காங்க. மத்தியானத்துல இருந்து இடது கையால படத்தைத் தள்ளிப் பார்த்துப் பார்த்து அப்பா மயங்கிட்டாருங்க. இனி ஒருத்தரையும் உள்ளே விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நாற்பத்தொன்று. இருதயராஜ் எனக்கு மட்டும்தான் பார்க்கிறார் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தேன். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சங்கத்தில் வருடா வருடம் கேடயம் கொடுத்தோமே, அத்தனையும் இந்த ஒரு மனிதரின் கண். ஆளுக்குப் பத்துப் படம் என்று வைத்தாலும் நானூறு. பத்தொன்பது நாளாக இந்த மாவட்டத்தில் எழும்பிய எதையும் ஒரு மனிதக் கண்கூடப் பார்க்கவில்லை.

"உங்க மாமனாருக்கு எப்படி இருக்குங்க?" என்று குமரகுருவைக் கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "உங்க சித்திக்கு?"

நடைபாதையின் கூரையைப் பார்த்தேன். மத்தியானத்திலிருந்து எனக்கு இப்படி ஆகிவிட்டது, எந்த இடத்துக்குப் போனாலும் மேலே பார்க்கிறேன். இந்த நடைபாதைக்கு இரண்டு பக்கமும் தூண் சமமாக இல்லை, ஏன்? லிஃப்ட் மோட்டார் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? இத்தனை நாற்காலி ஒரே இடத்தில் போட்டிருக்கிறார்களே? வரும் வழியில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தே மாய்ந்துபோனார்கள்.

இந்த நடைபாதையில் காப்புறுதி இல்லாத ஆள் நான் ஒருத்திதான். இழக்க என்னிடம் இனி எண் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து இருதயராஜின் அறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"கொடுங்க குரு. நான் பார்க்கறேன்."

பதினேழு தலைகளும் திரும்பின. குமரகுருவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எழுந்து வந்து டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேனுங்க மேடம்."

"உட்காருங்க."

"இல்லீங்க, நீங்க பாருங்க. நான் இருந்தா…"

"வெச்சுட்டுப் போறதெல்லாம் இனி கிடையாது குரு. பக்கத்துல உட்காருங்க. நான் என்ன பார்க்கறேனோ அதை உங்க காதுல சொல்லுவேன். கேட்டுட்டுத்தான் போகணும்."

"கேட்டா அடுத்த கையெழுத்துக்கு நம்பர் ஏறிடுமே மேடம்!"

"ஏறட்டும்."

மூன்று பேர் எழுந்து, சாத்துக்குடிப் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, லிஃப்டுக்குப் போனார்கள். பழைய தலைவர் எழுந்தார், நின்றார், மறுபடி உட்கார்ந்தார். குமரகுரு லிஃப்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வந்து பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

முதல் படத்தைத் திறந்தேன். மூன்று மாடிக் கட்டடம், மேலே புதிதாக, இரண்டே வாரத்தில் பூட்டி முடித்த ஒரு இரும்புக் கூடம். கையெழுத்து பூஜ்யம் புள்ளி ஒன்று.

"இது என்ன கட்டடம்?"

"ஸ்கூலுங்க. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்குத் திறப்பு விழா."

மேல் கூடத்தின் நடுத் தூணில் விரலை வைத்தேன். "இதுக்குக் கீழே என்ன இருக்கு குரு?"

அவர் படத்தைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். கேடயம் வாங்கிய அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியலீங்க மேடம்" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு இன்ஜினியர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் நாற்காலிகளை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.